பரலோகக் குடிமக்களுக்குப் போராட்டக் கொட்டிலில் என்ன வேலை?

கிளிநொச்சியிலிருந்து எழுதுவதாகச் சொல்லும் நீங்கள் கேட்டிருப்பது, மேலோட்டமாகப் பார்த்தால், ஒரு வசனத்துக்கான விளக்கம். “நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது” என்று பிலிப்பியர் 3:20 சொல்வதால், கிறிஸ்துவின் ஆவிக்குரிய இராச்சியத்தின் உண்மையுள்ள குடிமகனாக இந்த மண்ணில் எப்படி வாழ்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் இரண்டே வரிகளில் நீங்கள் சொல்லிக் கடந்த செய்திதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. 2009 மே மாதத்தில், போரின் முடிவில், இராணுவத்திடம் சரணடைந்து காணாமலாக்கப்பட்ட உங்கள் அண்ணன் எங்கே என்று கேட்டு உங்கள் தாயார் பல ஆண்டுகளாக வீதியோரக் கொட்டிலில் அமர்ந்திருக்கிறார். “நாம் பரலோகக் குடிமக்கள், இந்த உலகத்து வழக்குகள் நமக்கு எதற்கு?” என்று சபையில் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படியானால் அம்மா விசுவாசத்தில் குறைந்தவரா என்பதைத்தான் நீங்கள் கேட்கத் தயங்கியிருக்கிறீர்கள். இல்லை என்பது என் பதில். ஏன் இல்லை என்பதைச் சொல்லச் சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் சீர்திருத்த மரபுச் சபையொன்றில் குருவாக இருந்து ஓய்வுபெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் கழிந்தது. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தைப் படித்தும் படிப்பித்தும் இருக்கிறேன். கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே சகோதரர்களின் சார்பில் பேச எனக்கு உரிமையில்லை. எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது, எந்த ஆணைக்குழுவுக்கு மனுக் கொடுப்பது என்பவற்றில் என் சொல்லுக்கு உங்கள் அயலவரின் சொல்லைவிடக் கூடுதல் எடை கிடையாது.

முதலில் சொற்களைப் பார்ப்போம், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் “ராஜ்யம்” என்றிருக்கும் இடங்களில் மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் பசிலேயா. அது முதன்மையாக ஆளும் செயலைக் குறிக்கும். ஆளப்படும் நிலப்பரப்பு அதன் இரண்டாவது பொருள்தான். திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பில் அதையே “இறையாட்சி” என்று பெயர்த்திருப்பது இந்த வகையில் பொருத்தமானது. வன்னியில் வளர்ந்த நமக்கு “ராஜ்யம்” என்றதும் எல்லைக்கோடும் சோதனைச் சாவடியும் நினைவுக்கு வருவது இயல்பே. நாம் இரண்டு நிருவாகங்களின் கீழ் வாழ்ந்தவர்கள். ஆசிரியருக்குச் சம்பளம் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வழியாக அரசாங்கத்திடமிருந்து வந்தது, காணிப் பிணக்குக்கோ புலிகளின் நீதிமன்றத்துக்குப் போனோம், வரியை இரு பக்கமும் கட்டினோம், ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடக்க அனுமதி தேடி நின்றோம். இந்த அனுபவத்தோடு வேதத்தை வாசிக்கிற ஒருவர், கிறிஸ்துவின் இராச்சியத்தையும் மூன்றாவது நிருவாகமாகக் கற்பனை செய்துகொள்வதும், அதில் பதிந்துவிட்டால் மற்ற இரண்டிலிருந்தும் பெயரை வெட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைப்பதும் எளிது. ஆனால் மற்ற ஆட்சிகள் போட்டியிடும் நிலத்துக்காகக் கிறிஸ்துவின் இராச்சியம் அவற்றோடு போட்டியிடுவதில்லை. “தேவனுடைய ராஜ்யம் புசிப்பும் குடிப்புமல்ல, அது நீதியும் சமாதானமும் பரிசுத்த ஆவியினாலுண்டாகும் சந்தோஷமுமாயிருக்கிறது” என்று ரோமர் 14:17 சொல்கிறது. அந்த மூன்றில் முதலாவதாக வைக்கப்பட்டிருக்கும் சொல் நீதி என்பதைக் கவனியுங்கள்.

இனிப் பிலிப்பி பட்டணம். நீங்கள் காட்டிய வசனம் அந்த ஊராருக்கு எழுதப்பட்டதற்கு அர்த்தம் உண்டு. கி.மு. 42இல் அங்கே நடந்த உரோம உள்நாட்டுப் போருக்குப் பின்னர், படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்கள் அங்கேயே குடியேற்றப்பட்டார்கள். பிலிப்பி உரோமக் குடியேற்றப் பட்டணமாயிற்று. மக்கெதோனியாவில் இருந்தாலும் அதன் சட்டமும் வழக்கமும் உரோமையைப் பின்பற்றின. குடியேற்றம் என்ற சொல் நம் காதில் எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியும், இந்த நிருபத்தை எழுதிய பவுல் அதைப் புகழ்ந்து பேசவில்லை. அந்த ஊராருக்குப் புரியும் ஒன்றை எடுத்துக் காட்டினார், அவ்வளவே. உரோமப் பிரஜையாயிருப்பவன் உரோமைக்குப் போகும் நாளை எண்ணிக்கொண்டு பிலிப்பியில் சும்மா இருப்பதில்லை, இருக்கும் இடத்திலேயே உரோமனாக நடந்துகொள்கிறான். அதே நிருபத்தின் 1:27இல் “கிறிஸ்துவின் சுவிசேஷத்திற்குப் பாத்திரராகமாத்திரம் நடந்துகொள்ளுங்கள்” என்று தமிழில் இருப்பதன் மூலச்சொல், “பிரஜைகளாக வாழுங்கள்” என்ற பொருளுடையது. தமிழில் அது மறைந்துபோனதால், 3:20ஐ வாசிக்கும் நாம் பரலோகத்தை எதிர்பார்க்கிறோம், 1:27இல் உள்ள கட்டளையைத் தவறவிடுகிறோம். முதல் அதிகாரத்தில் பிரஜையாக நடக்கச் சொன்னவர் மூன்றாம் அதிகாரத்தில் அந்தப் பிரஜாவுரிமை எங்கிருந்து வருகிறது என்று காட்டுகிறார் என இரண்டையும் சேர்த்து வாசிப்பதே சரி. இதுவரை சொன்னது உறுதியானது, மொழி தெரிந்தவர்கள் எவரும் பெரிதாக மறுக்கமாட்டார்கள்.

அதே பிலிப்பியில் பவுல் என்ன செய்தார் என்பதை உங்கள் சபையில் ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில் பவுலும் சீலாவும் விசாரணையின்றி அடிக்கப்பட்டுச் சிறையில் போடப்படுகிறார்கள். நள்ளிரவில் அவர்கள் பாடியதும் பூமி அதிர்ந்ததும் எல்லாப் பிரசங்கத்திலும் வரும். காலையில் நடந்ததை மட்டும் ஏனோ நாம் பிரசங்கிப்பதில்லை. அதிகாரிகள் அவர்களை இரகசியமாக அனுப்பிவிடப் பார்க்கிறார்கள். பவுல் போக மறுக்கிறார். நியாயம் விசாரியாமல் உரோமராகிய எங்களை வெளியரங்கமாய் அடித்தீர்கள், இப்போது இரகசியமாய் விடுகிறீர்களோ, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்கிறார். பரலோகக் குடியுரிமையைப் பற்றி எழுதிய அதே கை, பூலோகக் குடியுரிமையைக் கொண்டு பகிரங்கமாகக் கணக்குக் கேட்டது. தான் புறப்பட்டுப் போன பிறகும் அந்த ஊரில் இருக்கப்போகும் புதிய விசுவாசிகளின் பாதுகாப்பை நினைத்து அப்படிச் செய்தார் என்பது பலருடைய விளக்கம். அது நியாயமான ஊகம், வசனத்தில் எழுதப்படவில்லை. ஆனால் கணக்குக் கேட்டார் என்பது எழுதப்பட்டிருக்கிறது.

“உண்மையுள்ள” என்ற சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒழுங்காக நடந்தால்தான் குடியுரிமை நிலைக்கும் என்ற பயம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. உங்கள் குடும்பம் மலையகத்திலிருந்து வந்தது என்று குறிப்பிட்டிருப்பதால் இதை உங்களுக்குச் சொல்வது எளிது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டில் பிறந்தவரிடமே, தந்தை இங்கே பிறந்ததற்கு, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவரிடம் அந்தக் கடுதாசி எங்கே இருந்திருக்கும்? இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர் இலட்சக்கணக்கானோர் ஒரே சட்டத்தால் நாடற்றவரானார்கள். 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் அவர்களைத் தலை எண்ணிப் பகிர்ந்துகொண்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று. தமிழருக்கு எதிரான 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்களில் பலருக்கு, எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை, விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) போவதே ஒரு பயமாக இருந்தது. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவருக்குக் “குடியுரிமை” என்றால் எந்நேரமும் பறிக்கப்படக்கூடிய ஒன்று என்றே தோன்றும். எபேசியர் 2:19 சொல்வது இதற்கு நேர்மாறானது: “நீங்கள் இனி அந்நியரும் பரதேசிகளுமாயிராமல், பரிசுத்தவான்களோடே ஒரே நகரத்தாரும் தேவனுடைய வீட்டாருமாயிருந்து” என்று. பாட்டனின் பிறப்புப் பத்திரம் அங்கே கேட்கப்படுவதில்லை. கொலோசெயர் 1:13இன்படி பிதாவே நம்மை இருளின் அதிகாரத்தினின்று விடுவித்துக் குமாரனுடைய ராஜ்யத்துக்கு உட்படுத்தியிருக்கிறார், வினை முழுவதும் அவருடையது. நல்ல நடத்தை அந்தக் குடியுரிமைக்குப் பிறகு வருவது, அதற்கான விண்ணப்பப் படிவம் அல்ல. (“பரதேசி” இன்று வசைச்சொல்லாகிவிட்டது. 1 பேதுரு 2:11இல் அதை வாசிக்கும்போது “இடம்பெயர்ந்தோர்” என்று மாற்றி வாசித்துப் பாருங்கள், நம் சனத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது.)

உங்கள் போதகர் ஆதாரமாகக் காட்டிய யோவான் 18:36க்கு வருகிறேன். “என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல” என்ற வாக்கியத்தில் உள்ள கிரேக்க முன்னிடைச்சொல் பிறப்பிடத்தைக் குறிக்கிறது. இவ்வுலகத்திலிருந்து பிறந்ததல்ல என்பதே பொருள், இவ்வுலகத்தைப் பற்றி அக்கறையற்றது என்பதல்ல. இயேசு அதே மூச்சில் சொல்லும் விளக்கமும் தெளிவானது: இவ்வுலகத்துக்குரியதானால் என் ஊழியக்காரர் போராடியிருப்பார்கள். அதாவது வாளால் நிறுவப்படுவதோ காக்கப்படுவதோ அல்ல. இதைப் புரிந்துகொள்ளாததற்கு நம் பக்கத்து மன்னார் தந்த விலை பெரிது. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால், ஞானஸ்நானம் பெற்ற ஏறக்குறைய 600 பேர் அங்கே கொல்லப்பட்டார்கள். அவர்கள் கிறிஸ்துவை ஏற்றதை அவன் போர்த்துக்கேய அரசனுக்குக் குடிமாறியதாகவே பார்த்தான். கொலையை நியாயப்படுத்த முடியாது, ஆயினும் சந்தேகம் வெறுங்காற்றில் பிறந்ததல்ல, போர்த்துக்கேயர் சிலுவையையும் கொடியையும் ஒரே கப்பலில் கொண்டுவந்தவர்கள். இதற்கு எதிரான எடுத்துக்காட்டு யோசே வாஸ் அடிகள். ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து வேடம் மாறி வந்தவர். கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறைப்பட்டார். அவருக்குப் பின்னால் எந்தப் படையும் இல்லை. 1697இல் கண்டியில் அம்மைநோய் பரவி, உறவினரே நோயாளிகளை விட்டு ஓடியபோது அவர் அவர்களைத் தூக்கிப் பராமரித்தார், மன்னனின் நம்பிக்கையையும் பெற்றார். நான் கத்தோலிக்கன் அல்லன், புனிதர்களிடம் மன்றாடுவதுமில்லை. ஆனாலும் யோவான் 18:36க்கு இந்தத் தீவில் எழுதப்பட்ட சிறந்த விரிவுரை அவருடைய வாழ்க்கை என்பேன்.

எதிர்ப்பக்கத்துத் தவறையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நம் இனத்தின் உரிமைக் கோரிக்கை எவ்வளவு நியாயமானதாயினும் அதைத் தேவராஜ்யம் என்று அழைக்கக்கூடாது. நாம் கேட்கும் நியாயம் கிடைத்த மறுநாளும் நமக்குள் சாதியும் சீதனமும் இருக்கும்.

நடைமுறை என்று கேட்டீர்கள். குடியுரிமை பெரும்பாலும் சின்னக் காரியங்களில்தான் பரிசோதிக்கப்படுகிறது. இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் (வறண்ட பருவ நெற்செய்கை) செய்பவருக்குத் தெரியும்: தண்ணீர் போதாத வருடத்தில் கூட்டம் கூடி இத்தனை ஏக்கர்தான் என்று பங்கு பிரிப்பார்கள், முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். இரவில் வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பிவிட்டு ஞாயிறு காலையில் சாட்சி சொல்பவரை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய அயலவர் இந்து. அந்த அயலவருக்குக் கிறிஸ்துவின் இராச்சியம் பற்றித் தெரிந்ததெல்லாம் காய்ந்த தன் வரம்புதான். போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா என்று வந்தபோது, பயனாளிகள் பட்டியலில் புகுவதற்காகச் சொல்லப்பட்ட பொய்களை எழுதினால் தனிப் புத்தகமாகும். அந்த நேரத்தில் எங்கள் சபையில் ஒரு விதவைத் தாய், தனக்கு வெளிநாட்டிலிருந்து உதவி வருகிறது என்று தானே சொல்லிப் பட்டியலில் பின்னுக்குப் போனார். அவர் பிலிப்பியர் நிருபத்துக்கு விளக்கம் எழுதவில்லை. அரச அலுவலகத்தில் வேலை செய்யும் உங்களுக்கு இன்னும் நேரடியாகச் சொல்வதானால், உங்கள் மேசைக்கு வரும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் மீள்குடியேற்றக் கோப்பும், உங்கள் சபை மூப்பரின் மருமகனுடைய கோப்பும் வந்த ஒழுங்கிலேயே நகர்கின்றனவா? நுண்கடன் வசூலிக்க வருபவருக்குப் பயந்து ஒளிந்திருக்கும் பெண்ணைச் சபை காணிக்கைக்காக வற்புறுத்துகிறதா?

ஐயத்துக்கு இடமானவற்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். லூக்கா 17:21 பழைய மொழிபெயர்ப்பில் “தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறதே” என்றிருக்கிறது. திருவிவிலியம் அதை “உங்கள் நடுவே” என்று பெயர்க்கிறது. கிரேக்கம் இரண்டுக்கும் இடம் தருகிறது. இயேசு அங்கே பரிசேயருடன் பேசுகிறார், ஆகையால் இரண்டாவதே பொருந்தும் என்பது என் முடிவு, ஆனால் சபதம் செய்யமாட்டேன். எனவே “ராஜ்யம் உள்ளத்துக்குள் மட்டும்” என்று அந்த ஒரு வசனத்தின்மேல் வீடு கட்ட வேண்டாம். ரோமர் 13 அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது, அப்போஸ்தலர் 5:29 மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவது அவசியம் என்கிறது, வெளிப்படுத்தல் 13 அரசாங்கத்தை மிருகமாகவே காட்டுகிறது. மூன்றும் ஒரே வேதத்தில் இருக்கின்றன. எந்த நேரத்தில் எது பொருந்தும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க முடியாது. கிறிஸ்தவர் எந்நிலையிலும் ஆயுதம் ஏந்தலாகாதா என்பதில் சபைகள் நூற்றாண்டுகளாகப் பிரிந்தே நிற்கின்றன. இராச்சியத்துக்காக ஏந்தலாகாது என்பதில் மட்டும் யோவான் 18 சந்தேகம் விடவில்லை. அதைச் சொல்லும்போதும், பிள்ளைகளைப் பலவந்தமாகவும் விருப்பமாகவும் போருக்குக் கொடுத்த பெற்றோர் முன்வரிசையில் இருக்கிறார்கள் என்பதைப் பிரசங்கி மறக்கலாகாது. வாக்களிப்பைப் பற்றி வேதத்தில் கட்டளை இல்லை, அன்று இன்றைய வகையான பொது வாக்குரிமை இல்லை. மனச்சாட்சிக்காக விலகியிருக்கும் கிறிஸ்தவர்களை நான் மதிக்கிறேன். நான் வாக்களிக்கிறேன். சிறைப்பட்டுப்போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எரேமியா 29:7 பாபிலோனில் இருந்தவர்களுக்கே சொல்லும்போது, சொந்த ஊரின் சமாதானத்தைத் தேடாதிருக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

இனி உங்கள் தாயார். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் அமர்ந்தபோது, அவர்களில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள், கேட்டது ஒன்றைத்தான்: எங்கே? லூக்கா 18இல் இயேசு, சோர்ந்துபோகாமல் ஜெபம்பண்ணுவதற்கு எடுத்துக்காட்டாக யாரைக் காட்டினார்? அநீதியுள்ள நியாயாதிபதியிடம் மறுபடி மறுபடி போய், எனக்கு நியாயஞ்செய்யவேண்டும் என்று தொந்தரவு செய்த ஒரு விதவையை. ஜெபமும் நியாயம் கேட்டலும் அங்கே ஒரே பெண்ணின் ஒரே செயல். பழைய ஏற்பாட்டில் இன்னொரு தாய் இருக்கிறாள், பிரசங்கங்களில் அவள் பெயரே வருவதில்லை. 2 சாமுவேல் 21இல் ரிஸ்பாள். அரசியல் கணக்குத் தீர்ப்பதற்காகக் கொல்லப்பட்ட ஏழு பேரில் இருவர் அவள் பிள்ளைகள். அவள் கன்மலையின்மேல் இரட்டுத் துணியை விரித்து, அறுப்புத் தொடங்கிய நாளிலிருந்து வானத்திலிருந்து மழை பெய்யும் வரைக்கும், பகலில் பறவைகளும் இரவில் மிருகங்களும் அந்த உடல்களைத் தொடவிடாமல் இருந்தாள். ஒரு வார்த்தையும் பேசியதாக எழுதப்படவில்லை. அவள் செய்தது தாவீதுக்கு அறிவிக்கப்பட்டது. அரசன் எலும்புகளைச் சேர்த்து முறைப்படி அடக்கம்பண்ணினான். அதற்குப் பின்பு தேவன் தேசத்துக்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைக் கேட்டருளினார் என்று அந்தப் பகுதி முடிகிறது. அரசன் ஏழு பேரை ஒப்புக்கொடுத்தபோது அந்த வாக்கியம் எழுதப்படவில்லை, அடக்கம் நடந்த பிறகுதான் எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் அம்மாவிடம் அடக்கம் பண்ணவும் எதுவும் இல்லை, ஆகவே ரிஸ்பாளைவிட அவர் நிலை கடினம்.

மன்னிப்பு எங்கே என்று கேட்பார்கள். சத்துருக்களைச் சிநேகிக்கச் சொன்னது கட்டளை, பழிவாங்குதல் நமக்குரியதல்ல, இவை இரண்டிலும் ஐயமில்லை. ஆனால் உங்கள் அம்மா யாரையும் தூக்கிலிடக் கேட்கவில்லையே. என்ன நடந்தது, யார் செய்தது என்பது மறைக்கப்பட்டிருக்கும்வரை மன்னிப்பைப் பெற முன்வருபவரும் எவருமில்லை. அன்றைய மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில், போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் செய்தது இதற்கு ஒரு முன்மாதிரி. அவர் வசைபாடவில்லை, அரசின் கணக்கையே எடுத்து வைத்தார்: 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் 4,29,059 பேர், அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 2,82,380 பேர், மிச்சமுள்ள 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று? அத்தனை பேரும் இறந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, கணக்குத்தான் கேட்டார். சத்தியத்துக்குச் சாட்சி கொடுக்கவே வந்தேன் என்று பிலாத்துவிடம் சொன்ன ராஜாவின் குடிமகனுக்கு அது ஒத்த செயல்.

உங்கள் போதகரைக் குற்றவாளியாக்கி இதை எழுதவில்லை. போர் முடிவில் இடம்பெயர்ந்தோரை அடைத்துவைத்த மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே நானும் பரலோகத்தைத்தான் பிரசங்கித்தேன், கையில் வேறு எதுவும் இருக்கவில்லை. முகாமிலிருந்து வெளியே வந்த பின்னரும் அந்தப் பிரசங்கத்தை மாற்றாமல் விட்டதே என் பிழை. ஒரு தாய் தன் மகனின் பெயரைச் சொல்லி ஜெபிக்கக் கேட்டபோது, “அவரைத் தேவனிடம் ஒப்புக்கொடுத்துவிடுங்கோ அம்மா” என்றேன். சில மாதங்கள் அவர் கோயிலுக்கு வரவில்லை. நான் தேடிப் போனபோது, “ஐயா, என்னட்டை இல்லாததை நான் எப்பிடி ஒப்புக்குடுக்கிறது?” என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பெயரை, இறந்தோர் பட்டியலில் சேர்க்காமல், தேடப்படுபவர் என்று சொல்லியே ஜெபித்தோம்.

ஞாயிறு ஆராதனையா, கொட்டிலா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். ஆராதனை முடிந்ததும் சபையாரில் இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு கொட்டிலுக்குப் போய், “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தொடங்கும் 13ஆம் சங்கீதத்தை அங்கே வாசித்து, படங்களில் இருக்கும் பெயர்களைச் சொல்லி ஜெபிக்கலாமா என்று போதகரிடமே கேளுங்கள். அவர் வரமறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். சுடுதண்ணிப் போத்தலில் தேநீர் எடுத்துக்கொண்டு நீங்கள் போங்கள், பின்னேரம் வரைக்கும் அம்மாவோடு இருங்கள்.